ஒரே செயலி, ஊருக்கொரு நியாயம்: வாட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கை வழக்கு

2021 ஜனவரி முதல் வாரம். வாட்ஸ்அப்பைத் திறந்தவர்களின் திரையை மறித்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வந்து நின்றது. விதிமுறைகளும் தனியுரிமைக் கொள்கையும் மாறுகின்றன, பிப்ரவரி 8 முதல் அமல், அதற்குப் பிறகும் செயலி வேண்டுமென்றால் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றது. பச்சை நிறத்தில் ஒப்புதல் பொத்தான். அதோடு, அவ்வளவாகக் கண்ணில் படாத எழுத்தில் ‘இப்போது வேண்டாம்’. ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனாலும் செயலியைப் பயன்படுத்துவேன் என்று சொல்ல அந்தத் திரையில் இடமே இல்லை. பிடிக்காவிட்டால் கணக்கை அழித்துக்கொள்ளலாம், வழி உதவிப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கு வாட்ஸ்அப் தனிக் கொள்கை வைத்திருந்தது. அங்கே ஃபேஸ்புக்குடன் தரவு பகிரும் முறையில் எந்த மாற்றமும் இல்லை என்று நிறுவனமே அறிவித்தது. செயலி அதேதான், அதை எழுதிய பொறியாளர்களும் அவர்களேதான். ஆனால் டப்ளினில் இருப்பவருக்கு ஒரு நியாயம், திருவொற்றியூரில் இருப்பவருக்கு இன்னொரு நியாயம். காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். அங்கே 2018 மே 25 முதல் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமலில் இருந்தது. மீறினால் உலக வருவாயில் 4 சதவீதம் வரை அபராதம் விழும். நம்மிடம் அன்றைக்குத் தரவுப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே இல்லை.

இந்தக் கொள்கை பிறகு இந்தியாவில் போட்டிச் சட்ட வழக்காகி அபராதம் வரை போனது. அந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அபராதத் தொகையில் நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பெரிய நிறுவனங்கள் நம்மை எப்படி நடத்தும் என்பதை அவற்றின் நல்லெண்ணம் முடிவு செய்வதில்லை. நம் ஊர்ச் சட்டம் எவ்வளவு தூரம் கை நீட்டும் என்பதைப் பார்த்துத்தான் அவை நடந்துகொள்கின்றன. அந்தக் கையின் நீளத்தை அளந்து பார்க்க இந்த வழக்கைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் இல்லை.

2016-இல் தொடங்கியது

2014-இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்கியது. அறிவித்த விலை 1,900 கோடி டாலர். 2016 ஆகஸ்ட் 25 அன்று வாட்ஸ்அப் தன் கொள்கையை மாற்றி, பயனர் விவரங்களை ஃபேஸ்புக்குடன் பகிர்வோம் என்றது. அப்போதாவது விளம்பரத்துக்கான பகிர்விலிருந்து விலகிக்கொள்ள 30 நாள் கொடுத்தார்கள். அதைப் படித்துப் பார்த்து விலகியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாணவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். 2016 செப்டம்பர் 23 அன்று வந்த தீர்ப்பு ஓரளவுக்கே கைகொடுத்தது: செப்டம்பர் 25-க்கு முன் கணக்கை அழித்தவர்களின் தகவலைப் பகிரக் கூடாது, மற்றவர்கள் விஷயத்திலும் அந்தத் தேதி வரை சேர்ந்த தகவலைப் பகிரக் கூடாது. அதற்கப்புறம் சேர்வதைப் பற்றிப் பேச்சில்லை. தனியுரிமை அடிப்படை உரிமையா என்ற கேள்விக்கே அப்போது முடிவான விடை கிடையாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் ஆம் என்ற பிறகுதான் தரை கெட்டியானது.

அதே 2017 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 11 கோடி யூரோ அபராதம் போட்டிருந்தது. வாட்ஸ்அப்பை வாங்கும்போது, இரண்டு செயலிகளின் கணக்குகளையும் தானாகப் பொருத்திப் பார்க்க இயலாது என்று ஆணையத்திடம் சொல்லியிருந்தார்கள். அந்த வழி 2014-இலேயே இருந்தது என்று பிறகு தெரிய வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டுதான் 2021 அறிவிப்பைப் படிக்க வேண்டும்.

வண்ணாரப்பேட்டையில் பார்த்தது

நான் வழக்கறிஞர். வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் வீட்டிலேயே புடவை வியாபாரம் செய்யும் ஓர் அக்கா அந்த அறிவிப்போடு என்னிடம் போனை நீட்டினார். காலையில் மொத்தக் கடையில் புதுச் சரக்கைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவார். யாருக்கு எது வேண்டும் என்று கீழே பதில் வரும். பணம் போனிலேயே வந்துவிடும், சாயந்திரம் பார்சல் போய்விடும். கடைக்குப் பலகை கிடையாது. அந்தக் குழுதான் கடை.

“என்ன கேக்குதுன்னே புரியல சார். ஓகே குடுத்துடவா? குடுக்கலன்னா குரூப் போயிடுமா?”

அவர் கேட்ட இரண்டாவது கேள்வியில் முழு வழக்கும் இருக்கிறது. அந்த மாதத்தில் சிக்னல் என்ற இன்னொரு செய்திச் செயலிக்குப் போனவர்கள் நிறையப் பேர். நம் சென்னை நிறுவனமான ஸோஹோ தன் ‘அரட்டை’ செயலியை வெளிவிட்டதும் அந்தச் சமயத்தில்தான். அக்காவும் சிக்னலை ஏற்றிப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் யாரும் அங்கே வரவில்லை, திரும்பிவிட்டார். நாம் மட்டும் மாறிப் பயனில்லை, நம்மோடு பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் மாற வேண்டும். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு சொன்ன கணக்குப்படி இந்தியாவில் வாட்ஸ்அப் பயனர்கள் 53 கோடி. 2023-இல் சென்னை மெட்ரோ டிக்கெட்டே வாட்ஸ்அப்பில் எடுக்கலாம் என்றானது. பொதுப் போக்குவரத்தின் டிக்கெட் ஜன்னலாகவும் இருக்கிற செயலியை ‘பிடிக்காவிட்டால் அழித்துக்கொள்’ என்பது பேச்சுக்குத்தான் சரி.

ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அப்போது பரவிய வதந்தி போல, நம் செய்திகளை ஃபேஸ்புக் படிக்கப்போகிறது என்று அந்தக் கொள்கை சொல்லவில்லை. தனிப்பட்ட உரையாடலுக்கு முனைக்கு முனை மறைகுறியாக்கம், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு, அப்படியே இருந்தது. பகிரப்படும் என்று சொன்னது சுற்றியுள்ள தகவல்களை: போன் எண், பணப் பரிமாற்ற விவரம், எந்தக் கருவி, எந்த ஐபி முகவரி, எந்த வணிகக் கணக்கோடு எப்படித் தொடர்பு வைக்கிறோம் என்பதை. அக்கா என்ன பேசினார் என்பது விளம்பரக்காரருக்குத் தேவையே இல்லை. யாரிடம், எந்த நேரத்தில், எவ்வளவு பணம் என்பது போதும்.

கோர்ட் கதவுகள்

நம் ஊர் உயர் நீதிமன்றத்தில் இதற்கு முன்பே இந்த நிறுவனம் வேறு வேடத்தில் வந்திருந்தது. 2018-இல் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுக்கள் வந்தன. இணையத் துன்புறுத்தலைத் தடுப்பது நோக்கம். ஆதார் இணைப்புக்கு நீதிமன்றம் இசையவில்லை. விசாரணை நகர்ந்து, ஒரு வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதில் வந்து நின்றது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி முடியும் என்று ஒரு வழிமுறை கொடுத்தார். நிறுவனம் தனியுரிமையை முன்வைத்து எதிர்த்தது. வழக்கு 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 மே மாதம் மத்திய அரசின் புதிய விதிகள் அதே தடமறிதலைக் கேட்டபோது, வாட்ஸ்அப் புட்டசாமி தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மறைகுறியாக்கத்தை உடைத்தால் நஷ்டம் நமக்குத்தான். ஆனால் அரசுக்கு எதிராக அவ்வளவு உறுதியாகத் தூக்கிப் பிடித்த அதே உரிமையை, தன் தாய் நிறுவனத்தின் விளம்பர வியாபாரத்துக்கு எதிராகப் பயனருக்குத் தர மறுத்தது. இரண்டும் நடந்தது ஒரே மாதத்தில்.

2021 கொள்கையைத் தரவுச் சட்டத்தின் கீழ் கேள்வி கேட்க வழியில்லாததால், கேட்டது போட்டிச் சட்டம். மார்ச் 24 அன்று இந்தியப் போட்டி ஆணையம் யாரும் புகார் தராமலே தானாக முன்வந்து விசாரணைக்கு உத்தரவிட்டது. சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் நியாயமற்ற நிபந்தனையைத் திணிக்கக் கூடாது என்ற 4-ஆம் பிரிவுதான் பிடி. ஜெர்மனியில் 2019-இலேயே போட்டி ஆணையம் ஃபேஸ்புக்கை இந்த வழியில் பிடித்திருந்தது. போட்டி ஆணையம் தரவுச் சட்ட மீறலையும் கணக்கில் எடுக்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜூலையில் அதை உறுதி செய்தது.

மெட்டாவும் (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர்) வாட்ஸ்அப்பும் விசாரணையையே நிறுத்தக் கேட்டன. கொள்கை விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போது ஆணையம் தொடக் கூடாது என்பது வாதம். 2021 ஏப்ரலில் டெல்லி தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். 2022 ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்தது. இந்தக் கொள்கை தேர்வு என்ற கானல்நீரைக் காட்டிப் பயனரை ஒப்புக்கொள்ள வைக்கிறது என்று அந்த அமர்வு எழுதியது. அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. விசாரணை நடக்கலாமா என்ற கேள்விக்கே ஒன்றரை வருஷம் போய்விட்டது.

இதற்கிடையில் வேறு சில நகர்வுகள். எதிர்ப்பு வலுத்ததும் கெடு மே 15-க்குத் தள்ளிப்போனது. ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு வசதிகளை ஒவ்வொன்றாக நிறுத்துவோம் என்றவர்கள், மே 22 அன்று மத்திய அரசுக்கு எழுதிய கடிதத்தில் அப்படிச் செய்ய மாட்டோம் என்றார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரும் வரை நிறுத்தி வைக்கிறோம் என்று ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, இந்த உறுதிமொழியை 5 தேசிய நாளிதழ்களில் முழுப்பக்கமாக இரண்டு முறை விளம்பரம் செய்யச் சொன்னது.

இது என்னைக் கொதிக்க வைத்த இடம். ஒப்புதல் கேட்கும்போது ஒவ்வொருவர் போனிலும் திரையை மறித்து நிற்க முடிந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல வேண்டி வந்தபோது அது பத்திரிகைப் பக்கத்தோடு நின்றது. வண்ணாரப்பேட்டை அக்காவுக்கு அந்த உறுதிமொழி வந்து சேரவே இல்லை. அவர் முன்பே பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டிருந்தார்.

213 கோடி

2024 நவம்பர் 18 அன்று போட்டி ஆணையத்தின் இறுதி உத்தரவு வந்தது. மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம். வாட்ஸ்அப்பில் சேரும் தரவை விளம்பரத்துக்காக மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு 5 ஆண்டு பகிரத் தடை. விளம்பரம் அல்லாத காரணங்களுக்கென்றால் எந்தத் தரவு எதற்குப் போகிறது என்று விளக்க வேண்டும், அதைச் சேவைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது, 2021-இல் ஒப்புக்கொண்டவர்கள் உட்பட எல்லோருக்கும் விலகும் வாய்ப்பைச் செயலிக்குள்ளேயே காட்ட வேண்டும்.

நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2025 ஜனவரியில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 5 ஆண்டுத் தடையை நிறுத்தி வைத்தது. நவம்பர் 4 அன்று முழுதாக நீக்கியது. அபராதத்தில் கை வைக்கவில்லை; நியாயமற்ற நிபந்தனை என்ற முடிவையும் மாற்றவில்லை. பயனரின் தேர்வுரிமை விளம்பரத்துக்கான பகிர்வுக்கும் பொருந்தும் என்று டிசம்பரில் விளக்கம் தந்தது. தடை போனது நஷ்டம் என்பதே என் கருத்து. விலகும் வாய்ப்பு என்பது, அமைப்புகள் பக்கத்துக்குள் போய்த் தேடிப் பார்க்கத் தெரிந்தவருக்கு உதவும். தடை என்பது எதுவும் தெரியாதவரையும் காக்கும்.

தொகையைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 2024-இல் மெட்டாவின் வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். 213 கோடி ரூபாய் என்பது அந்த வருவாயில் ஒன்றரை மணி நேரத்துக்குக்கூட வராது. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 செப்டம்பரில் வாட்ஸ்அப்புக்கு மட்டும் 22.5 கோடி யூரோ போட்டது, 2023 மே மாதம் மெட்டாவுக்கு 120 கோடி யூரோ போட்டது. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. அந்த 22.5 கோடி முதல் வரைவில் 5 கோடியைத் தாண்டவில்லை. மற்ற நாட்டு ஆணையங்கள் ஆட்சேபித்து ஏற்றிவைத்தன. 2018 டிசம்பரில் தொடங்கிய விசாரணை அது.

புதுச் சட்டம் வந்தால்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று ஒப்புதல் பெற்றது. விதிகள் வந்தது 2025 நவம்பரில். நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம், அதாவது 2027 மே. தடுக்கப்பட வேண்டிய அறிவிப்பு 2021-இல் வந்தது.

சட்டத்தின் 6-ஆம் பிரிவு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒப்புதல் சுதந்திரமாக, குறிப்பிட்ட காரணத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனையின்றி, தெளிவாகத் தரப்பட்டிருக்க வேண்டும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்கும் போனிலுள்ள தொடர்பு எண்களுக்கும் சேர்த்து ஒப்புதல் கேட்கிறது, ஒரு பெண் இரண்டுக்கும் சரி என்கிறார். சிகிச்சைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. ஆகவே அவர் சரி என்றிருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது. இந்த உதாரணத்தில் தொலைமருத்துவத்தை எடுத்துவிட்டு வாட்ஸ்அப்பை வைத்துப் பாருங்கள். ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, தருவதைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அரசியல் சாசனத்தின் 8-ஆவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் அறிவிப்பைப் படிக்க வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. தமிழில் கேட்கும் உரிமை அக்காவுக்கு உண்டு.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. அதிகபட்ச அபராதம் 250 கோடி. வருவாயோடு முடிச்சுப் போடாத உச்சவரம்பு. உள்ளூர் நிறுவனத்தை அது மூடவைக்கும், மெட்டா அளவு நிறுவனத்துக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. அந்தப் பணமும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது, பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் வராது. இதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்கலாம். புதுச் சட்டம் அதை நீக்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிப்பது மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர். 2010 ஏப்ரலில் சென்னையில் அந்த மேசையிலிருந்துதான், போலி மின்னஞ்சலால் பணம் இழந்த வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஐசிஐசிஐ வங்கிக்கு உத்தரவு போனது. அது 43-ஆம் பிரிவில் வந்த வழக்கு, 43ஏ அல்ல. இருந்தாலும் பணம் இழந்தவர் கைக்கே பணம் வரும்படி நம் ஊரிலேயே ஓர் அதிகாரி உத்தரவிட முடிந்தது. அந்த வழியில் ஒரு பாதி அடைபடுவதைப் பற்றித் தமிழ்நாட்டில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

புதுச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் மத்திய அரசே நியமிக்கிறது. உறுப்பினர்கள் 4 பேர். அரசின் அமைப்புகளுக்கு விலக்கு தரும் அதிகாரமும் அதே மத்திய அரசிடம். நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் வாரியம் அரசையும் கேட்கும் தைரியத்தோடு இருந்தால்தான் நிறுவனமும் அதற்குப் பயப்படும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது 5-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு. சட்டம் வருவதற்கு முன்பே ஒப்புதல் தந்தவர்களுக்கு நிறுவனம் ஓர் அறிவிப்பு அனுப்பினால் போதும். அவர்கள் திரும்பப் பெறும் வரை தரவைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம். பயந்துபோய் 2021-இல் அழுத்திய பொத்தான் 2027-க்குப் பிறகும் உயிரோடு இருக்கும் என்று நிறுவனம் வாதாடலாம். அதற்கு எதிரான வாதம் இந்த வழக்கிலேயே இருக்கிறது. 5(2) பேசுவது ஒப்புதல் தந்தவர்களைப் பற்றி. 2021-இல் நடந்தது நியாயமற்ற நிபந்தனை என்று போட்டி ஆணையம் சொன்னது, தீர்ப்பாயம் அதை மாற்றவில்லை, உயர் நீதிமன்றம் கானல்நீர் என்றே எழுதியது. நிபந்தனையால் பிடுங்கியதை ஒப்புதல் என்று எப்படிக் கணக்கில் எடுப்பது? 6-ஆம் பிரிவை உரைகல்லாக வைத்து அந்தப் பழைய ஒப்புதல்களைச் செல்லாது என்று அறிவிக்கும்படி வாரியத்தின் முன் முதல் மனுக்களில் ஒன்று போக வேண்டும். நேரே வாரியத்துக்குப் போக முடியாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, விதிப்படி அவருக்குள்ள 90 நாள் வரை காத்திருக்க வேண்டும். வாரியம் டிஜிட்டல் அலுவலகமாகவே நடக்கும் என்பதால் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

அந்தக் கடிதத்தின் மாதிரியைத் தமிழில் எழுதிவருகிறேன். எப்போது பொத்தானை அழுத்தினோம், அன்றைக்கு என்ன தேர்வு காட்டப்பட்டது, மே 22 உறுதிமொழி நமக்குத் தெரிவிக்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளுக்கு அவரவர் பதிலை நிரப்பிக்கொள்ளலாம். வண்ணாரப்பேட்டை அக்கா போல வாட்ஸ்அப்பை நம்பித் தொழில் செய்கிறவர்கள் 2021-இல் வந்த அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட் பழைய போனில் எங்காவது இருக்கிறதா என்று இப்போதே தேடி எடுத்து வையுங்கள். போன் மாற்றினால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.